தபசன்று தவறியவள்

திக்குவாய்ப் பையன் ஒருவன், கத்திக் கத்திப் பேசும் பெண் ஒருத்தி, இடது கால் சூம்பிப்போன பையன் ஒருவன். இந்த மூன்று பேரையும் ஒரு சிறுவர் கதையில் போட்டால் படிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், இவர்கள்தான் கடைசியில் ஊரைக் காப்பாற்றப் போகிறவர்கள் என்று. சங்கரன்கோவிலில் எங்களுக்கு அப்படி ஒரு மரியாதையும் கிடைக்கவில்லை. விளையாட்டுப் பீரியடில் அணி பிரிக்கும்போது இரண்டு பக்கமும் வேண்டாம் என்று விட்டதில் மிஞ்சிப்போனவர்கள் நாங்கள். மிஞ்சியவர்கள் ஒன்றாக நிற்க வேண்டியதுதானே, நின்றோம். எங்கள் சிநேகிதத்துக்கு அதற்குமேல் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

திக்குவாயன் நான்தான். அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் உத்தியோகம். மாற்றலாகி வந்த குடும்பம் என்பதால் தெருவில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தோம். வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். அதனால் பேசுவதை விட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். மளிகைக் கடைப் பொட்டலத்தைப் பிரித்தால் சீனியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வகுப்பில் விடை தெரிந்து எழுந்து நின்றால் வாத்தியார், "உக்காருலே, நீ சொல்லி முடிக்கதுக்குள்ள பெல் அடிச்சிரும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அந்த வாத்தியார்மேல் இருக்கும் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

கால் சூம்பியவன் கடையநல்லூர்க்காரன். அவனுடைய வாப்பா சவூதியில் இருந்தார். சங்கரன்கோவிலில் அவன் மாமு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் வீட்டில் தங்கிப் படித்தான். கடை நிறைய சைக்கிள், ஒன்றைக்கூட அவனால் மிதிக்க முடியாது. அந்த ஆத்திரத்திலோ என்னவோ பஸ்ஸைப் பிடித்துக்கொண்டான். எந்த பஸ் எந்த ஊர் வழியாகப் போகும், எங்கே இறங்கி எதைப் பிடித்தால் எங்கே போய்ச் சேரலாம் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெளியூர்க்காரர்கள் கண்டக்டரைக் கேட்டால் கண்டக்டர் சைக்கிள் கடையைக் காட்டுவார். அந்த ஊருக்கெல்லாம் அவன் போனது கிடையாது.

அவள் விசைத்தறிக்காரர் வீட்டுப் பெண். பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். அப்பா பம்பாயில் இருப்பதாகச் சொன்னார்கள், கடுதாசி ஒன்றும் வந்ததில்லை. வீட்டுக்குள்ளேயே தறி. விடிந்ததிலிருந்து தடதடவென்று அது ஓடும், பக்கத்து வீட்டிலும் ஓடும், எதிர்வீட்டிலும் ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "பொட்டப்புள்ளைக்கு இம்புட்டுத் தொண்டையா?" என்று டீச்சர் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். ஆனால் தறிச்சத்தம் அவளுக்கு இன்னொன்றும் கொடுத்திருந்தது. உதட்டைப் பார்த்தே பேச்சைத் தெரிந்துகொள்வாள். தறி ஓட்டுகிறவர்கள் பலருக்கும் அது கொஞ்சம் வரும், அவளுக்கு முழுசாக வந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் இரண்டு வாத்தியார்கள் பேசிக்கொண்டு நிற்பார்கள், இவள் இந்தக் கோடியில் இருந்தபடி எங்களுக்கு அதைச் சத்தமாக ஒப்பிப்பாள். நாங்கள்தான் வாயைப் பொத்த வேண்டும்.

எங்கள் கையில் அந்தப் புத்தகம் கிடைத்தது கிளை நூலகத்தில், கிழிந்ததென்று ஒதுக்கிப் போட்டிருந்த குவியலில். அட்டை கிடையாது, பெயரும் தெரியாது. யாருக்கும் வேண்டாத ஐந்து பிள்ளைகள், மலைமேல் பூட்டிக் கிடக்கும் ஒரு மாளிகை, அறைக்கு அறை ஒரு புதிர். ஒருத்தன் மோப்பம் பிடித்தே ஆள் யாரென்று சொல்வான். ஒருத்தி பூட்டில் காதை வைத்தே அதைத் திறப்பாள். தனித்தனியாக இருந்தால் ஐந்தும் ஒன்றுக்கும் உதவாத பிள்ளைகள், ஒன்றாகச் சேர்ந்தால் எந்தப் புதிரும் அவர்களுக்குமுன் நிற்காது. படித்த அன்றே முடிவாகிவிட்டது, இது நம்மைப் பற்றிய புத்தகம் என்று.

சைக்கிள் கடைக்குள்ளே டயர்கள் தொங்கும் மூலையில் உட்கார்ந்து படிப்போம். நான் வாசித்தால் ஒரு பக்கம் முடிய ஒரு பொழுது ஆகும். அதனால் அவள்தான் வாசித்தாள். அவள் வாசித்தால் சைக்கிளுக்குக் காத்திருக்கிறவர்கள், காற்றடிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் கதை கேட்கும். "ஏ பிள்ள, பெறகு என்னாச்சு?" என்று வாடகை நேரம் முடிந்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு புதிர் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நாங்களே விடை கண்டுபிடிக்கப் பார்ப்போம். பெரும்பாலும் அவள்தான் ஜெயித்தாள். நான் படித்தவன் என்ற கர்வம் எனக்கு இருந்தது, அவள் அதைச் சீண்டிச் சீண்டி உரித்தாள்.

அந்தக் கதையில் ஒரு வாத்தியார் வருவார். பிள்ளைகளுக்கு அவர் அடிக்கடி சொல்லுவது, ஆட்கள் உன்னிடம் நேராகச் சொல்வதை நம்பாதே, உனக்குத் தெரியாமல் அவர்கள் சொல்வதை நம்பு என்று. எங்களுக்கு இது வேதமாகிவிட்டது. இப்போது நினைத்தால் அந்தக் கதாசிரியரைப் பிடித்து நாலு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. புத்தகத்தில் புதிரைப் போடுகிறவரே விடையையும் எழுதி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். வெளியே அப்படி யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அந்த வருஷம் ஆடித்தபசு வந்தது. தபசென்றால் ஊர் கொள்ளாது. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அத்தனை ஜனமும் தெற்கு ரத வீதியில் வந்து நிற்கும். அம்பாளுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும் நேரம் பருத்தியும் வத்தலும் சூறை விடுவார்கள், தலையில் வந்து விழும். நாங்கள் மூன்று பேரும் ஒரு கடை வாசலில் ஒண்டிக்கொண்டு நின்றோம். கோயில் மைக்கில் விடாமல் அறிவிப்பு: "கூட்டத்தில் தவறிவிட்ட ஒரு பெண் குழந்தை, பச்சைப் பாவாடை, பந்தலில் அழுதுகொண்டிருக்கிறது. பெற்றோர் உடனே வந்து அழைத்துச் செல்லவும்."

அவள் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எங்கம்மாவும் இப்படித்தான்" என்றாள்.

என்ன ஏதென்று கேட்டோம். அவளிடம் பெரியம்மா சொல்லி வைத்திருந்தது, அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், வருவாள் என்று. எந்த ஊர் என்று கேட்டால் அடுப்பில் பால் பொங்கும், இல்லாவிட்டால் தறியில் நூல் அறுந்துவிடும். ஆனால் முந்தின வருஷம் பெரியம்மா தறிக்கூடத்தில் யாரோ ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தபோது இவள் தூரத்திலிருந்து உதட்டைப் பார்த்திருக்கிறாள். "ஆடித்தபசன்னைக்குத்தான் தவறிட்டா" என்று பெரியம்மா சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கு" என்றாள் எங்களிடம். "இதே கூட்டம். என் கையில இருந்து ஒரு கை நழுவிப் போச்சு. அது அம்மா கைதாம்லே."

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். ஒருவர் இறந்துவிட்டார் என்பதை வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல் பெரியவர்கள் தவறிவிட்டார் என்பார்கள். எங்களுக்கு அது விளங்கவில்லை என்பதை நம்ப வேண்டும். எங்கள் வீட்டில் சாவைப் பேசினால் அப்பா பேப்பரில் வருகிறபடி காலமானார் என்றுதான் சொல்வார். கடையநல்லூர்க்காரன் வீட்டில் மௌத்தாகிவிட்டார் என்பார்கள். அவள் தெருவில் செத்துப்போனார், முடிந்தது பேச்சு. மூன்று வீட்டில் மூன்று சொல் இருந்தது, அந்த நாலாவது சொல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தமோ அன்று மைக்கில் ஊருக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

நான் ஒரு கேள்வி கேட்டேன், திக்கித் திக்கி. பெரியவர்கள் எப்படித் தவறுவார்கள்? வழி கேட்டுத் திரும்பி வந்துவிட மாட்டார்களா?

அவளிடம் அதற்கும் விடை இருந்தது. "தறிக்காரங்களுக்குக் காது போயிரும்லே. பெரியம்மாவுக்கே பாதிதான் கேக்கும். எங்கம்மாவுக்குச் சுத்தமாப் போயிருக்கும். எழுத்தும் தெரியாது. எந்த பஸ்ஸுல ஏறுனாளோ."

கடையநல்லூர்க்காரனுக்குக் கண் விரிந்தது. தபசன்று விடுகிற ஸ்பெஷல் பஸ்ஸில் பாதிக்கு போர்டே இருக்காது, கூட்டம் தள்ளிக்கொண்டு போய் எதிலாவது ஏற்றிவிடும் என்றான். எந்தெந்தத் திசையில் ஸ்பெஷல் போகும் என்று விரலை மடக்கி ஒப்பிக்கத் தொடங்கினான். அந்த நிமிஷம் எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. கடைசியில் எங்களுக்கென்று ஒரு புதிர் கிடைத்துவிட்டது.

அவளுக்கு அது விளையாட்டில்லை. "நான் தேடுத மாதிரி அவளும் என்னத் தேடிக்கிட்டுத்தான் இருப்பா. ரெண்டு பக்கமும் தேடுனா சீக்கிரம் ஆம்புட்டுரும்லா?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் முகத்தில் இருந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. அம்மா முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வீட்டில் ஒரு போட்டோ கிடையாது.

அதற்குப்பின் சில மாதங்கள் துப்பு சேர்த்தோம். தபசன்று ஊரே திரண்டு போகும்போது பெரியம்மா மட்டும் வீட்டை விட்டு நகர்வதில்லை, அன்று தறியும் ஓடாது, இது ஒன்று. தங்கச்சியைத் தொலைத்த நாளில் சாமி பார்க்க மனம் வருமா என்று நாங்கள் கணக்குப் போட்டோம். பம்பாய் அப்பா ஏன் வருவதே இல்லை? பெண்டாட்டியைத் தேடி அலைந்துகொண்டிருக்கிறார். போட்ட கணக்கெல்லாம் சரியாக வந்தது. அதுதான் இப்போதும் என்னைப் பயமுறுத்துகிறது. அடியில் இருந்த ஒரு சொல் பிசகியிருந்தது, அதன்மேல் வைத்த ஒவ்வொன்றும் அச்சாகப் பொருந்தியது.

ஐப்பசியில் பெரிய துப்பு கிடைத்தது. நூல் கொண்டுவந்த ஒருத்தி பெரியம்மாவிடம் தங்கச்சியைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா சொன்ன பதிலை அவள் வாசல் நடையில் இருந்தபடி உதட்டில் படித்தாள். மறுநாள் ஓட்டமும் நடையுமாக சைக்கிள் கடைக்கு வந்தாள். "வாசுதேவநல்லூர்லே! வாசுதேவநல்லூர்ல வச்சுத்தான் எடுத்தாவளாம்!"

சாவு வீட்டில் உடலைத் தூக்கிக்கொண்டு புறப்படுவதை எடுப்பது என்பார்கள். அதுவும் எங்களுக்குத் தெரியாது. வழியில் திகைத்து நின்றவளை வாசுதேவநல்லூரில் யாரோ நல்லவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்று புரிந்துகொண்டோம். தெருவில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தார்கள் என்று கதைகளில் வருகிறதே, அதேபோல. கடையநல்லூர்க்காரன் தொடையில் தட்டி, தபசு ஸ்பெஷலில் வாசுதேவநல்லூர் பஸ் உண்டு என்று தான் முதலிலேயே சொன்னதை ஞாபகப்படுத்தினான்.

ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். மாமு தென்காசிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். கண்டக்டர் கடையநல்லூர்க்காரனுக்கு வேண்டியவர், எங்களைப் பின்சீட்டில் உட்கார வைத்தார். அவள் புதுப் பாவாடை கட்டி, தலையை இழுத்துப் பின்னி, பவுடர் போட்டு வந்திருந்தாள். "அம்மா பாத்தா பெரியம்மா சரியா வளக்கலன்னு நெனச்சிரக் கூடாதுல்லா" என்றாள். வானம் மூட்டம் போட்டுக் கிடந்தது. பருத்திக் காடு முடிந்து குளத்துப் பாசன வயல் தொடங்கியபோது தூறல் விழுந்தது. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேகம்தான். கடையநல்லூர்க்காரன் முதல்முறையாகத் தன் வாய்ப்பாட்டில் இருந்த ஒரு ஊருக்குப் போகிறான். ஒவ்வொரு நிறுத்தத்தையும் கண்டக்டருக்கு முன்னால் சொல்லிக்கொண்டே வந்தான்.

வாசுதேவநல்லூரில் இறங்கியதும் முதலில் இருந்த டீக்கடைக்குப் போனோம். அவள்தான் கேட்டாள், கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி.

"அண்ணாச்சி, ஏழெட்டு வருசம் முன்னால ஆடித்தபசன்னைக்குத் தவறுன ஒரு அம்மா. சங்கரன்கோயிலு, தறிக்காரங்க வீடு. இங்கன வச்சுத்தான் எடுத்தாவளாம். எந்த வீடு?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "தபசன்னைக்கா? ஆமா, இருக்கு. சங்கரன்கோயில் புள்ள. நல்ல புள்ளைல்லா அது, பாவம். குளத்துக்கரைத் தெருவுல கடைசி வீடு. நீங்க யாருட்டி?"

அதற்குள் அவள் ஓடத் தொடங்கிவிட்டாள். கடையநல்லூர்க்காரன் கோலை ஊன்றித் தத்தித் தத்திப் பின்னால் போனான். புத்தகத்தில் இருந்த ஐந்து பேரும் இவ்வளவு சீக்கிரம் எதையும் கண்டுபிடித்ததில்லை. நானும் ஓடினேன். ஆனால் அந்தப் 'பாவம்' எனக்குள் ஒரு கல்லாக விழுந்தது. வீட்டில் பத்திரமாக இருக்கிறவளை எதற்குப் பாவம் என்க வேண்டும்?

கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் மழைக்குப் பயந்து வத்தலைச் சுளகில் அள்ளிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஓடி வந்து நின்றவளைப் பார்த்ததும் சுளகு கையிலேயே நின்றுவிட்டது.

"ஏட்டி, நீ சங்கரன்கோயில்ல இருந்தா வாரே?" என்று கேட்டாள். "அப்படியே அந்த மூஞ்சி. நான் ஒங்கப்பாகூடப் பொறந்தவ, ஒனக்கு அத்தை. உள்ள வாட்டி."

அப்பா ஊர் அதுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு நொடி திகைத்தாள். பிறகு அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது தெரிந்தது. அம்மா யார் வீட்டிலோ இல்லை, சொந்த வீட்டில்தான் இருக்கிறாள், இன்னும் நல்லது.

"எங்கம்மா எங்க?" என்றாள் உள்ளே வந்ததும்.

அத்தை கையை நீட்டிக் காட்டினாள். அவள் காட்டிய திசையில் அடுக்களைக்குப் போகும் வாசல் இருந்தது. வாசலுக்கு மேலே சுவரில் ஒரு போட்டோ, குங்குமப் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, கீழே சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. நானும் கடையநல்லூர்க்காரனும் அந்தப் போட்டோவைப் பார்த்தோம். அவள் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இருந்த வாசலைப் பார்த்தாள், "அம்மா!" என்று கத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

உள்ளே கதவு திறக்கும் சத்தம், பின்வாசல் திறக்கும் சத்தம் எல்லாம் கேட்டது. அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "இந்தப் புள்ளைக்குத் தெரியாதா? ஐயோ, இந்தப் புள்ளைக்குத் தெரியாதா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். கடையநல்லூர்க்காரன் தலையைக் குனிந்து வாய்க்குள் எதையோ முணுமுணுத்தான். சாவுச் சேதி கேட்டால் அவன் வீட்டில் ஓதுவது அது என்று எனக்குத் தெரியும்.

அவள் திரும்பி வந்தாள். "அங்கன இல்லியே, குளத்துக்குப் போயிருக்காளா?" என்று என்னைக் கேட்டாள். அத்தையைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். நான் சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தேன். செ என்ற எழுத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. செ, செ என்று உதடு இழுத்ததே தவிர சத்தம் வெளியே வரவில்லை. அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் படித்துவிட்டாள்.

அவள் அழவில்லை. தலையை நிமிர்த்தி அந்தப் போட்டோவை அப்போதுதான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு அத்தை சொன்னதெல்லாம் அழுகையோடு கலந்து வந்தது. மஞ்சள் காமாலை. சரியாகிக்கொண்டு வருகிறதென்று நம்பி எல்லோரும் தபசு பார்க்க சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் பாயில் கிடந்தாள். குழந்தை அதற்கு முன்பே பெரியம்மாவிடம் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் உடம்பு குளிர்ந்து கிடக்கிறது. "தனியாப் போட்டுட்டு சாமி பாக்கப் போனீகளா?" என்று கேட்ட பெரியம்மா, அன்றோடு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை, குழந்தையையும் கண்ணில் காட்டவில்லை. "கேட்டதுல தப்பில்ல, நாங்க போயிருக்கக் கூடாது" என்றாள் அத்தை. தபசில் நழுவிய அந்தக் கை பெரியம்மாவுடையதாக இருந்திருக்க வேண்டும். அம்மா அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தை எழுந்தாள். "தாய் செத்த சேதி காதுல விழுந்தா தல முழுகணும்ட்டி. இன்னைக்குத்தான ஒனக்குச் சேதி" என்று அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். நாங்கள் பின்வாசலில் நின்றோம். தூறலில், புதுப் பாவாடையோடு, ஒவ்வொரு வாளியாக இறைத்து அத்தை அவள் தலையில் ஊற்றினாள். பின்னல் அவிழ்ந்து முகத்தில் ஒட்டியது. பவுடரெல்லாம் போயிற்று. ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய சாவு, அந்தக் கிணற்றடியில் அன்றைக்கு நடந்த சாவாக மாறியது. மாற்றிக்கொள்ள அத்தை வேறு துணி எடுத்து வந்தாள். அவள் வாங்கவில்லை. இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னாள் அத்தை, அதற்கும் இருக்கவில்லை.

பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் ஈரம். கண்டக்டர் ஒருமுறை பார்த்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். கடையநல்லூர்க்காரன் நிறுத்தங்களைச் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தன் சூம்பிய காலையே தடவிக்கொண்டு வந்தான். எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல், பெரியம்மாமேல், டீக்கடைக்காரர்மேல், தமிழ்மேல் எல்லாம் கோபம் கோபமாக வந்தது. இறந்தவளுக்கும் வழி தெரியாமல் நிற்கிறவளுக்கும் ஒரே சொல்லை வைத்தவன் எவன்?

அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் வீடுவரை போனோம். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா தறியில் நின்றார், பெரியம்மா ஓரத்தில் உட்கார்ந்து தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவிழ்ந்த ஈரத் தலையோடு வாசலில் நின்றவளைப் பார்த்ததும் பெரியம்மாவின் கை நின்றது. கழுவித் தொங்கவிட்ட அந்தத் தலைமுடி எதற்கென்று ஊரில் எந்தப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் தறிச்சத்தத்துக்குமேல் கத்திச் சொன்னாள், வெளியூரிலிருந்து சேதி கொண்டு வந்தவளைப் போல. "பெரியம்மா, எங்கம்மா செத்துப் போயிட்டா."

பெரியம்மா எழுந்து வந்தாள், பாதி வழியில் தரையில் விழுந்தாள். அடுத்து அவளிடமிருந்து கிளம்பிய ஓலத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பிள்ளைக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று தங்கச்சிக்காக ஒருநாள்கூட வாய்விட்டு அழாதவள். இத்தனை வருஷமாக முந்தானைக்குள் வைத்திருந்ததெல்லாம் அன்று வெளியே வந்தது. பெரியப்பா ஓடிப்போய்த் தறியை நிறுத்தினார். பக்கத்து வீட்டுத் தறி நின்றது. எதிர்வீட்டில் நின்றது. தெருவில் சாவு விழுந்தால் எடுக்கிறவரை யாரும் தறி ஓட்ட மாட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தெருமுழுக்க நின்றுபோனது.

பெண்கள் தலையை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுத பிறகுதான் யாரென்று கேட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருத்திகூட எழுந்து போகவில்லை. ஆண்கள் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, அதனால் தறியைத் திரும்ப எப்போது ஓட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அழுகை ஓய்ந்து தெரு அப்படியொரு அமைதியில் இருந்தது.

நடு வீட்டில் ஈரப் பாவாடையோடு நின்றவளுக்கு, இன்னும் தறி ஓடுவதாகவே நினைப்பு போலிருக்கிறது. அதே குரலில், தெருக் கோடிவரை கேட்கும்படி கேட்டாள்.

"அப்போ எங்கம்மா என்னத் தேடிக்கிட்டு இல்லியா?"

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், எந்த உதடாவது அசைகிறதா என்று. கடைசியில் பெரியம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் மறுபடியும் அதையே கேட்டாள், இந்த முறை மெதுவாக.